லண்டன் மணியும் நம் ஊர் மணியும்

கைத்தறித் துணியையும் விளைபொருளையும் அயல்நாட்டுக்கு அனுப்புவது பெரிய முதலாளிகளுக்கும் துறைமுகப் பட்டினத்து வர்த்தகர்களுக்குமே உரிய காரியம் என்று நாம் எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று உள்நாட்டுக் கிராமச் சங்கமொன்றின் காரியதரிசியும் லண்டனிலுள்ள ஒரு கடைக்காரரோடு நேரே பேசவும், விலை கூறவும், மாதிரி அனுப்பவும் இயலும். அங்ஙனம் பேசப் புகுவோர் முதலில் அறிய வேண்டுவது துணியின் விலையன்று. அங்கே இப்பொழுது மணி என்ன என்பதேயாம்.

இது அற்ப விஷயம் என்று அங்கத்தினர் சிலர் நினைக்கலாம். ஒரு நெசவாளர் சங்கத்தின் கோப்பை ஆய்வின்போது பார்க்க நேர்ந்தது. சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. மேசை விரிப்புகளுக்கு லண்டன் வியாபாரி ஒருவர் விலை கேட்டிருந்தார். திங்கட்கிழமை, லண்டன் நேரம் பகல் 12 மணிக்குள் விலைப்பட்டியல் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. லண்டனுக்கும் நமக்கும் 5½ மணி வித்தியாசம் என்பது காரியதரிசிக்குத் தெரியும். ஆகவே மாலை 5½ மணி வரை அவகாசம் உண்டு என்று கணக்கிட்டு, 5 மணிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அரை மணி மிச்சம் என்றே அவர் நினைத்தார். ஆனால் அப்பொழுது லண்டனில் மணி பன்னிரண்டரை. பட்டியல் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. நிர்வாகக் கமிட்டியின் நடவடிக்கைப் புத்தகத்தில் "விலை ஏற்கப்படவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. விலை அதிகம் என்பதால் போயிற்று என்றே டைரக்டர்கள் எண்ணினர். அடுத்த முறை விலையைக் குறைத்துக் கூறவும், அதன்பொருட்டு நெசவுக்கூலியில் கை வைக்கவும்கூட யோசனை நடந்தது. கோப்பிலிருந்த தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உண்மை விளங்கியது. குறை விலையிலும் இல்லை, நெசவிலும் இல்லை. கடிகாரக் கணக்கில் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கு மறுநாள். இதன் பொருளை விளக்குமுன், மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி ஆகிறது. முழுவட்டம் 360 பாகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவனுக்குப் பொழுது முன்னே விடியும், மேற்கே இருப்பவனுக்குப் பின்னே விடியும். லண்டனை அடுத்த கிரீனிச்சு வானாராய்ச்சி நிலையத்தின் வழியாகச் செல்லும் கோட்டைப் பூஜ்யமாகக் கொள்வது என்று 1884-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு தீர்மானித்தது. நம் நாட்டுப் பொது நேரத்துக்கு அடிப்படையான கோடு அதற்குக் கிழக்கே 82½ பாகையில் உள்ளது. 82½ பாகையை நான்கால் பெருக்கினால் 330 நிமிடம். அதாவது 5½ மணி. அக்கோடு வடக்கே மிர்சாப்பூரை அடுத்துச் செல்கிறது. கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது என்பதை நம் நெசவாளர் அறிந்துகொள்வதில் தவறில்லை.

பழைய முறையில் பார்த்தால் இரண்டரை நாழிகை ஒரு மணி. 5½ மணி என்பது 13¾ நாழிகை. நாம் நண்பகல் உணவுக்கு எழும் வேளையில் லண்டனில் இன்னும் விடியாத குளிர்காலக் காலை ஆறரை மணி என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

தீர்த்தமலையின் கணக்கு வேறு. தீர்த்தகிரீசுவரர் கோயிலின் மலை ஏறத்தாழ 78½ பாகையைச் சற்றே கடந்து நிற்கிறது. மிர்சாப்பூர்க் கோட்டுக்கு ஏறக்குறைய நான்கு பாகை மேற்கு. ஆதலால் சூரியனைக் கொண்டு கணக்கிடும் தீர்த்தமலையின் சொந்த நேரம், நம் கைக்கடிகாரத்துக்குச் சுமார் 16 நிமிடம் பிந்தியது. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது பெரும்பாலான நாட்களில் சூரியன் இங்கே உச்சிக்கு வந்திருப்பதில்லை. பிப்பிரவரி நடுவில் பன்னிரண்டரைக்குத்தான் உச்சிப்பொழுது. நவம்பர்த் தொடக்கத்தில் மட்டும் கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒன்றுபடும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாமையும் அதன் அச்சின் சாய்வும் இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம். நிழலைப் பார்த்தே மணி சொல்லும் நம் பெரியவர்கள் கடிகாரத்தோடு முரண்படுவது அவர்கள் பிசகன்று என்பதற்காக இதை இங்கே சொன்னேன்.

ஊருக்கு ஒரு மணி என்று இருந்த காலமும் உண்டு. சென்னையில் வானாராய்ச்சி நிலையம் 1792-இல் கட்டி முடிந்தது. அவ்வாண்டு பொறித்த கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. அங்கே பணிபுரிந்த கோல்டிங்காம் என்பவர் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடமும் சில விநாடிகளும் முந்தியது சென்னை நேரம் என்று நிறுவினார். பின்னர் இரும்புப் பாதைகள் வந்தபோது, பம்பாய்க்கு ஒரு மணியும் கல்கத்தாவுக்கு ஒரு மணியுமாக இருந்தால் வண்டி ஓட்ட இயலாது என்று கண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் மேற்கொண்டன. சோலையார்ப்பேட்டையிலிருந்து மொரப்பூர் வழியாகச் சேலம் செல்லும் நம் பக்கத்துப் பாதையிலும் அக்கணக்கே நடந்தது. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி 5½ மணிக் கணக்கு இந்தியாவின் பொது நேரமாயிற்று. ஆயினும் பம்பாயும் கல்கத்தாவும் உடனே பணியவில்லை. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் சொந்த மணியை விடாமல் வைத்திருந்தன. உலக யுத்தத்தின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி வைத்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்க. நம் அண்டையிலுள்ள இலங்கை 1996-இல் ஒரே ஆண்டில் இருமுறை மணியை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் 5½ மணிக்கே திரும்பியது. மணி என்பது இயற்கை பாதியும் மனிதர் தீர்மானம் பாதியுமாக உண்டானது.

இனி மார்ச்சு மாதத்துச் சங்கதிக்கு வருவோம்.

லண்டன் நமக்கு வெகு வடக்கே உள்ளது. டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனிலோ பதினாறரை மணிக்கும் மேல். கோடையில் காலை நான்கு மணிக்கே விடிந்துவிடுகிறது. மக்கள் ஏழு மணிக்குத்தான் எழுகின்றனர். அந்த வெளிச்சம் வீணாகிறதே என்று வில்லியம் வில்லெட் என்ற கட்டடக்காரர் 1907-இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தால் எல்லோரும் தாமே முன்னதாக எழுவர், மாலையில் விளக்குச் செலவும் மிஞ்சும் என்பது அவர் வாதம். அவர் உயிரோடிருந்தவரை அது நிறைவேறவில்லை. 1916-இல், யுத்த நெருக்கடியில், ஜெர்மனி முதலில் அதைச் செய்தது. சில வாரங்களில் பிரிட்டனும் செய்தது.

இப்போதைய விதி இது. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று மீண்டும் பின்னுக்கு வரும். இரண்டு மாதங்களுக்கும் 31 நாள் ஆதலால், அந்த ஞாயிறு 25-ஆம் தேதிக்கும் 31-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். மாற்றம் நிகழும் கணத்தில் நமக்கு ஞாயிறு காலை 6½ மணி. அன்று முதல் அக்டோபர் வரை லண்டனுக்கும் நமக்கும் வித்தியாசம் 4½ மணி. மற்ற ஐந்து மாதம் 5½ மணி. நம் கடிகாரம் அசைவதில்லை, அவர்களுடையது அசைகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அக்டோபரில் மாற்றத்தை மறந்தவருக்குப் பெரிய நஷ்டமில்லை. கெடு என்று தாம் நினைத்ததற்கு ஒரு மணி கழித்துத்தான் உண்மைக் கெடு வரும். தொலைபேசியில் அழைத்தால் அலுவலகம் திறந்திராது, அவ்வளவே. மார்ச்சில் மறந்தவரோ முழுதும் இழப்பார். உண்மைக் கெடு அவர் நினைத்ததற்கு ஒரு மணி முன்னதாகவே கடந்துவிடும். போதாக்குறைக்கு அந்த வாரம் நம் சங்கங்களுக்கு எத்தகைய வாரம்? மார்ச்சு 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும். சரக்கு இருப்பு எடுக்க வேண்டும். கடன் வசூல் நெருக்கடி. தறிக்கூடத்தில் நூல் இருப்பு எடை போடுதல். காரியதரிசியும் கணக்கரும் தலை நிமிர நேரமில்லாத அந்த வாரத்திலேயே லண்டன் கடிகாரமும் நகர்கிறது. முன் சொன்ன சங்கத்தில் நேர்ந்தது இதுதான். அந்தக் காரியதரிசியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தறிக்கு வர வேண்டிய வேலை வரவில்லை என்பது மெய்.

ஆகவே அயல்நாட்டு வியாபாரம் வைத்துள்ள சங்கங்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவர் நாட்காட்டியில் அந்த இரு ஞாயிறுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பது நலம். கைப்பேசியில் லண்டன் மணியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பர். பார்க்கலாம், அது இப்பொழுதைய மணியைச் சரியாகவே காட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து திங்கட்கிழமைக் கெடுவைக் கணக்கிடுபவருக்கு வெள்ளிக்கிழமை மணி உதவாது.

இனி அலுவலக நேரம். லண்டனில் பெரும்பாலான வர்த்தக அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 அல்லது 9½ மணிக்குத் திறந்து மாலை 5 அல்லது 5½ மணிக்கு மூடும். சனியும் ஞாயிறும் விடுமுறை. நம் சங்க அலுவலகம் காலை 10 மணி முதல் மாலை 5¾ மணி வரை என்று வைத்துக்கொண்டால், கோடையில் நம் பகல் 1½ மணிக்கு முன்னும், குளிர்காலத்தில் 2½ மணிக்கு முன்னும் அங்கே எவரும் இரார். அலுவலகம் திறந்த உடனே பேசுவதும் உசிதமன்று; வந்த கடிதங்களைப் பார்க்க அவர்களுக்குச் சற்று நேரம் வேண்டும். பகல் ஒரு மணியையொட்டி உணவுக்குச் செல்வர். ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நம் மாலை 2½ முதல் 5 மணிக்குள்ளும், நவம்பர் முதல் மார்ச்சு வரை 3½ மணி முதல் அலுவலகம் மூடும் வரையிலும் பேசுவதே பயன் தரும். காலைப் பொழுது முழுதும் நமக்கு மிச்சம். அதில் கடிதம் எழுதலாம், மாதிரி கட்டலாம், சாயக் கணக்கைச் சரிபார்க்கலாம். மாலையில் பேச வேண்டியவற்றைக் காலையிலேயே தாளில் குறித்துக்கொண்டவர் பேச்சில் தடுமாறார்.

வாங்குபவனுக்கு வசதியான நேரத்தில் கடை திறப்பது என்பது கூட்டுறவுக்குப் புதியதன்று. ராக்டேல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் 1844 டிசம்பர் 21-ஆம் தேதி தங்கள் கடையைத் திறந்தபோது, பகலெல்லாம் ஆலையில் வேலை செய்யும் அங்கத்தினர்களுக்காக, ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு மாலைகளில்தான் அதைத் திறந்து வைத்தனர். நாம் லண்டன்காரருக்காக ஒரு மாலை அரை மணி கூடுதலாக அலுவலகத்தில் இருப்பது அதற்கு மேற்பட்ட தியாகமன்று. ஆனால் அங்ஙனம் தங்கும் பணியாளருக்கு மறுநாள் அந்த அரை மணியைக் கமிட்டி விட்டுக்கொடுக்க வேண்டும்.

தொலைபேசியைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வானொலி மூலமாகப் பேசும் ஏற்பாடு 1933-இல் தொடங்கியது. பின்னர் நெடுங்காலம் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1976-இல்தான் பம்பாயிலிருந்து லண்டனுக்கு நேரே எண் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. அவசரச் செய்திக்கு நாம் நம்பியிருந்த தந்தி 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இப்பொழுது பேசுவதற்குச் செலவு பெரிதன்று. இணையத்தின் மூலம் பேசினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே பணத்தை மிச்சம் பிடிப்பதில் காட்டிய கவனத்தை இனி நேரத்தில் காட்ட வேண்டும்.

எண்ணைச் சுழற்றும் முறை பின்வருமாறு. முதலில் அயல்நாட்டுக்கு உரிய 00. பிறகு பிரிட்டனுக்கு உரிய 44. பிறகு லண்டனுக்கு உரிய 20. அதன் பின் எட்டு இலக்க எண். லண்டன் வியாபாரிகளின் கடிதத் தலைப்பில் 44-க்கும் 20-க்கும் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யம் அச்சிட்டிருக்கும். அது உள்நாட்டார் தங்களுக்குள் பேசும்போது சேர்ப்பது. நாம் அதைச் சேர்த்தால் இணைப்புக் கிடைக்காது. இதே பிழை நம் பக்கத்திலும் உண்டு. அரூர் வட்டாரத்துச் சங்கங்களின் கடிதத் தலைப்பில் 04346 என்று போட்டு எண்ணை அச்சிடுகிறோம். லண்டனிலிருந்து அழைப்பவர் 91-க்குப் பின் 4346 என்றே தொடங்க வேண்டும். கடிதத் தலைப்பில் கூட்டல் குறியிட்டு 91, 4346 என்று அச்சிட்டுவிட்டால் அவருக்குச் சிரமமில்லை. அடுத்த முறை அச்சகத்துக்குத் தாள் கொடுக்கும்போது இதைக் கவனிக்கலாம்.

பேச்சில் நேரத்தைக் குறிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஆங்கிலேயர் "ஹாஃப் சிக்ஸ்" என்றால் நம் ஆறரை. அதே சொற்களை ஜெர்மானியர் தம் மொழி வழக்கப்படி கூறினால் ஐந்தரை என்று பொருள். ஆறை நோக்கிப் பாதி வந்தது என்பது அவர்கள் கருத்து. ஆகவே பதினேழு முப்பது என்று 24 மணிக் கணக்கில் கூறி, "லண்டன் நேரமா, இந்திய நேரமா" என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தொகையையும் லட்சத்தில் கூறலாகாது. இரண்டரை லட்சம் என்பது அவர்களுக்குப் புரியாது. இருநூற்றைம்பதாயிரம் என்று சொல்லுக.

ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பதிவேடு இருப்பது அவசியம். தேதி, இந்திய நேரம், லண்டன் நேரம், பேசியவர், நூல் எண், அளவு, நிறம், ஒப்புக்கொண்ட விலை ஆகியவற்றைக் குறித்து, அன்று மாலையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்த வேண்டும். விலையை எந்த எல்லை வரை குறைத்துப் பேசலாம் என்பதைக் கமிட்டி முன்கூட்டித் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருந்தால், காரியதரிசி தொலைபேசியில் விழிக்க நேராது. பிற்பாடு தணிக்கையில் கேள்வியும் எழாது. கெடு தவறி ஓர் ஆர்டர் போயிற்றென்றால், தவறியது கெடு என்றே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மூடி மறைத்தால் அதன் சுமை நெசவுக்கூலியின் மேல் விழுகிறது என்பதை மேலே கண்டோம்.

எல்.சி. என்று வழங்கும் பாங்குக் கடிதத்தின் மூலம் பணம் பெறும் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்வதேச வர்த்தக சபையின் விதிகள் 2007 ஜூலை முதல் இப்போதைய வடிவில் வழங்குகின்றன. அவற்றின்படி, எல்.சி.யில் வேறு விதமாகக் கூறப்படாவிட்டால், கப்பல் பத்திரங்களைச் சரக்கு ஏற்றிய 21 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும், அதுவும் எல்.சி. காலாவதியாகும் முன். காலாவதி நாளில் பாங்கு வழக்கமான விடுமுறையால் மூடியிருந்தால் அடுத்த வேலைநாள் செல்லும். ஆனால் பாங்கு நேரத்துக்கு அப்பால் கொடுக்கும் பத்திரங்களை ஏற்க அவர்கள் கடமைப்பட்டவர்களல்லர். இங்கே முக்கியமானது, காலாவதியாகும் இடம் எது என்பது. "லண்டனில்" என்று எழுதியிருந்தால் பத்திரங்கள் அத்தேதிக்குள் லண்டன் பாங்கின் மேசைக்கே போய்ச் சேர வேண்டும். தபாலில் ஆகும் நாட்களும் மணி வித்தியாசமும் அங்குள்ள விடுமுறையும் எல்லாம் நம் தலையில் விழும். "இந்தியாவில்" என்று எழுதச் செய்தால் நம் ஊர் பாங்கின் நேரமே கணக்கு. ஆர்டர் பேசும்பொழுதே இதைக் கேட்டுப் பெற வேண்டும். சரக்கு கப்பலேறிய பின் கேட்டுப் பயனில்லை.

மற்றத் தலைநகரங்களைப் பற்றிச் சுருக்கமாக. லிஸ்பனும் டப்ளினும் லண்டனைப் போலவே. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பெர்லின், ரோம், வியன்னா ஆகியவை நமக்கு மேலும் ஒரு மணி அருகில்: குளிர்காலத்தில் 4½, கோடையில் 3½. ஏதென்சும் ஹெல்சிங்கியும் 3½, 2½. மாற்றம் நிகழும் ஞாயிறு எல்லாவற்றுக்கும் ஒன்றே, கணமும் ஒன்றே. மாஸ்கோ 2014 முதல் ஆண்டு முழுவதும் 2½ மணி வித்தியாசத்தில் நிலையாக உள்ளது. ஐரோப்பியப் பார்லிமெண்டு 2019-இல் இக்கோடைக்கால மாற்றத்தையே கைவிட வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அரசாங்கங்கள் ஒருமித்து முடிவு செய்யாமையால் அது அப்படியே நிற்கிறது.

லண்டன் விடுமுறைகள் மிகச் சில. புத்தாண்டு நாள், பெரிய வெள்ளி, அதை அடுத்த ஈஸ்டர் திங்கள், மே மாதத்து முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்டுக் கடைசித் திங்கள், டிசம்பர் 25, 26. இவற்றில் புத்தாண்டோ கிறிஸ்துமஸ் நாட்களோ சனி ஞாயிறில் விழுந்தால் அதற்கு ஈடாக வேலைநாளொன்று விடுமுறையாகும். டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை எவரிடமும் முடிவான பதில் எதிர்பார்க்க வேண்டா. நாமும் நம் பொங்கல் விடுமுறைகளை டிசம்பர்த் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஏனெனில் அவர்கள் புத்தாண்டு ஓய்வு முடிந்து சுறுசுறுப்பாக ஆர்டர் எழுதத் தொடங்கும் வாரத்தில்தான் நம் அலுவலகம் பூட்டியிருக்கும்.